அப்பாவின் கோப்புகளுக்குள் தமிழ் எங்கே போயிற்று?

கேள்வி: என் தந்தை மட்டக்களப்புப் பகுதி நாட்டார் பாடல்களையும் ஊர்க்கதைகளையும் 1999 முதல் 2007 வரை கணினியில் தட்டச்சு செய்து வைத்திருந்தார். இப்போது அவர் இல்லை. இரண்டு குறுந்தட்டுகளில் 212 வேர்ட் கோப்புகள் இருக்கின்றன. புதிய மடிக்கணினியில் திறந்தால் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை; ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் தெரிகின்றன. நான்கு கோப்புகள் திறக்கவே மறுக்கின்றன. எல்லாம் கெட்டுப்போய்விட்டனவா? ஒரு பாட்டைத் தேடி எடுக்கவும், பிறர் படிக்கக் கொடுக்கவும் என்ன வழி? — வாசகி, மட்டக்களப்பு

பதில்: கெட்டுப்போகவில்லை. நீங்கள் அனுப்பிய மாதிரிப் பக்கத்தைப் பார்த்தேன். அது பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தது. அந்த எழுத்துருவைக் கணினியில் நிறுவிவிட்டுத் திறந்தால் அப்பாவின் வரிகள் இன்றைக்கே தெரியும். ஆனால் படிக்க முடிவது வேறு, தேட முடிவது வேறு.

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணைச் சேமித்து வைக்கிறது; அந்த எண்ணுக்கு என்ன வடிவம் வரைய வேண்டும் என்பதை எழுத்துரு சொல்கிறது. அந்தக் காலத்துக் கணினிகளில் தமிழுக்கென்று தனி எண்கள் புழக்கத்தில் இல்லாததால், ஆங்கில எழுத்துகளின் எண்களுக்கே தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தார்கள். பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால் கோப்புக்குள் போய் உட்காருவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. தமிழ் என்பது வெறும் உடுப்பு. எழுத்துரு இல்லாத கணினியில் அந்த உடுப்பு கழன்றுவிடுகிறது, அவ்வளவுதான்.

அப்பா தவறு செய்துவிட்டதாக நினைக்க வேண்டாம். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் ஒதுக்கும் பொது ஏற்பாடுதான் யூனிகோட். அதன் முதல் பதிப்பிலேயே, 1991இல், தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனால் விண்டோஸில் லதா எழுத்துருவோடு அது வந்து சேர்ந்தது விண்டோஸ் 2000இல்தான். அதற்குள் பாமினி, மயிலை, வானவில், ஸ்ரீலிபி என்று ஆளுக்கொரு எழுத்துரு. ஒன்றில் அடித்ததை இன்னொன்றில் படிக்க முடியாது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என இரண்டு குறியாக்கங்களை, அதாவது எழுத்துக்கு எண் ஒதுக்கும் முறைகளை, அறிவித்தது. இணையத்தில் கூடிய ஆர்வலர்கள் திஸ்கி என்ற இன்னொரு குறியாக்கத்தை உருவாக்கினார்கள். இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடமும் பாமினிதான் ஆட்சி செய்தது. கையில் இருந்ததை வைத்து அப்பா வேலையை முடித்திருக்கிறார்.

இனி உங்கள் வேலை. முதலில் குறுந்தட்டுகளை அப்படியே வன்தட்டில் படியெடுங்கள். வீட்டில் எழுதிய குறுந்தட்டின் சாயப் படலம் காலப்போக்கில் மங்கும். இருபது ஆண்டு கடந்தவற்றை மீண்டும் மீண்டும் சுழலவிடக் கூடாது. படியெடுக்கும் முன் கோப்புகளின் தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் பாட்டை எந்த ஆண்டு எழுதினார் என்பதற்கு அதுவே ஒரே சான்றாக இருக்கலாம். அந்த மூலப்படியில் யாரும் கைவைக்கக் கூடாது. மாற்றமெல்லாம் இன்னொரு படியில்தான்.

பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. விண்டோஸில் என்எச்எம் கன்வர்ட்டர் இருக்கிறது. நிரல் எழுதத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால், பைத்தான் என்ற நிரல்மொழிக்கான ஓப்பன் தமிழ் நிரலகம் 212 கோப்புகளையும் வரிசையாகச் செய்து கொடுக்கும். ஒரு பொறி இருக்கிறது. கோப்பு முழுவதையும் அள்ளி மாற்றியில் போட்டால், அப்பா உண்மையாகவே ஆங்கிலத்தில் எழுதிய சொற்களும், புத்தகப் பெயரோ முகவரியோ, தமிழ்போல் தோன்றும் பிதற்றலாகிவிடும். எந்தச் சொல் பாமினி, எந்தச் சொல் ஆங்கிலம் என்ற தகவல் வேர்ட் கோப்பில் எழுத்துருப் பெயராகத்தான் பதிந்திருக்கிறது. ஆகவே வெற்று உரையாகச் சேமித்த பிறகு மாற்றாதீர்கள். பாமினியில் உள்ள பகுதிகளை மட்டும் தேர்ந்தெடுத்து மாற்றுங்கள்.

மாற்றியபின் கண்ணுக்குத் தெரியாத பிழை ஒன்று தங்கும். இதை விளக்காமல் விட மனம் வரவில்லை. இங்கே இரண்டு சொற்களை அடுத்தடுத்து எழுதுகிறேன்: அவர், அவா். பெரும்பாலான திரைகளில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் முதலாவதில் இருப்பது ரகரமும் புள்ளியும். இரண்டாவதில் இருப்பது துணைக்காலும் அதன்மேல் ஒரு புள்ளியும். பாமினியில் ர், ரி போன்றவற்றைத் துணைக்காலை வைத்தே அடிக்கும் வழக்கம் இருந்தது, வடிவம் ஒன்றுதானே! எல்லா மாற்றிகளும் இதைக் கண்டுகொள்வதில்லை. ‘அவர்’ என்று தேடினால் முதலாவது சிக்கும், இரண்டாவது சிக்காது. மருந்து எளிது: துணைக்காலை அடுத்துப் புள்ளி வரும் இடம் தமிழில் கிடையவே கிடையாது. எனவே ‘ா்’ என்பதைத் தேடி ‘ர்’ என்றும், ‘ாி’ என்பதை ‘ரி’ என்றும், ‘ாீ’ என்பதை ‘ரீ’ என்றும் ஒரேயடியாக மாற்றிவிடலாம். ‘ஔ’ என்ற எழுத்தையும் பாருங்கள். சில இடங்களில் ஒகரமும் ளகரமும் சேர்ந்து அதுபோல் நடிக்கும். இத்தனைக்கும் பிறகு, அப்பா அச்சிட்டு வைத்த தாள்கள் இருந்தால் ஒப்பிட்டு ஒருமுறை மெய்ப்புப் பாருங்கள். அலுப்பான வேலைதான். இதற்குக் குறுக்குவழி எனக்குத் தெரியாது.

தேடலுக்கு வருவோம். தேடும்போது கணினி எல்லாக் கோப்புகளையும் முதலிலிருந்து வாசிப்பதில்லை. புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவைப்போல், எந்தச் சொல் எந்தக் கோப்பில் என்ற பட்டியலை முன்கூட்டியே போட்டு வைத்துக்கொள்கிறது. நம் மொழி அங்கேதான் அதற்குத் தண்ணி காட்டுகிறது. ‘களம்’ என்று தேடுகிறீர்கள். பாட்டில் இருப்பதோ ‘களத்திலே’. ‘பொலிப்பாட்டு’ என்று தேடுகிறீர்கள். அப்பா ‘பொலிப் பாட்டு’ என்று இடம்விட்டு எழுதியிருக்கிறார். இரண்டும் கணினிக்கு வெவ்வேறு சரக்கு.

அதனால் வெறும் தேடலை நம்பாமல் ஒரு விரிதாள் போடுங்கள். ஒரு பாட்டுக்கு ஒரு வரிசை: முதல் அடி, வகை, பாடியவர், ஊர், ஆண்டு, கோப்பின் பெயர், பிறகு நான்கைந்து திறவுச்சொற்கள். சூடுமிதிப்பு, தாலாட்டு, கொம்புமுறி என்று ஒரு சொல்லுக்கு ஒரே எழுத்துக்கூட்டலைத் தீர்மானித்துக்கொண்டு கடைசிவரை மாற்றாதீர்கள். பாட்டில் ‘வேளாண்மை’ என்ற சொல்லே வராமலிருக்கலாம். அது வேளாண்மைப் பாட்டு என்று உங்களுக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு நிரப்ப வேண்டிய இடங்களை இந்த ஆண்டே நிரப்பிவிடுங்கள்.

பிறருக்குக் கொடுப்பதைப் பொறுத்தவரை, அப்பா சொந்தமாக எழுதியவற்றின் உரிமை இலங்கைச் சட்டப்படி அவர் மறைவுக்குப் பின் 70 ஆண்டுகள் வாரிசுகளிடம் இருக்கிறது. உடன்பிறந்தவர்கள் இருந்தால் எல்லோரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். பிறகு, பிறர் எப்படி எடுத்தாளலாம் என்று முன்கூட்டியே அனுமதி சொல்லும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொரு கோப்பின் தலையிலும் எழுதிவிடுங்கள். அதுவும் இல்லாவிட்டால், நல்லெண்ணத்தோடு எடுத்தாள நினைப்பவர்கூடத் தயங்குவார். 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் இலங்கைத் தமிழ் ஆவணங்களுக்கென்றே இருப்பது. முதலில் அவர்களிடம் கேளுங்கள். பிடிஎஃப் மட்டும் கொடுத்தால் போதாது, யூனிகோட் உரையும் கூடவே இருக்கட்டும். தமிழ் பிடிஎஃபிலிருந்து வரிகளை நகலெடுத்தால் கொம்பும் காலும் இடம்மாறி வருவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

வீட்டுக்கு மூன்று படிகள் வையுங்கள்: மடிக்கணினியில் ஒன்று, வெளி வன்தட்டில் ஒன்று, வேறோர் ஊரில் இருக்கும் உறவினர் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ ஒன்று. 212 உரைக் கோப்புகள் சில கைப்பேசிப் படங்களின் அளவுகூடத் தேறாது; இடமில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை.

திறக்க மறுக்கும் நான்கும் வேர்டின் மிகப் பழைய பதிப்பில் சேமித்தவையாக இருக்கலாம். புதிய வேர்ட் அப்படிப்பட்டவற்றைப் பாதுகாப்புக் கருதித் தடுத்துவிடும். லிப்ரே ஆபிஸ் என்ற இலவச மென்பொருளில் திறந்து பாருங்கள். அதிலும் திறக்கவில்லை என்றால் தட்டில் கீறல் இருக்கக்கூடும். மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைத்துவிட்டு, வேறொரு கணினியின் தட்டு இயக்கியில் அந்த நான்கையும் மட்டும் மறுபடி படியெடுத்துப் பாருங்கள்.