கேளுங்க, பதில் சொல்றேன்: ஆயிரம் பேருல நம்ம ஆளு எத்தன பேரு?

கேள்வி: போன வாரம் கோலாலம்பூர் நம்பர்லேர்ந்து ஒரு அழைப்பு. பருவநிலை மாற்றம் பத்தி கருத்துக்கணிப்பு எடுக்குறோம், கொஞ்ச நேரம் பேசலாமான்னு கேட்டாங்க. ஸ்கேமா இருக்குமோன்னு வச்சிட்டேன். செஞ்சது சரியாக்கா? இன்னொரு சந்தேகம், ஆயிரம் பேர கேட்டுட்டு மலேசியர்கள் இப்படித்தான் நினைக்கிறாங்கன்னு எப்படி சொல்றாங்க?
– ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: பயந்ததுல தப்பே இல்லம்மா, இப்ப இருக்குற நிலைமைல தெரியாத நம்பர எடுக்கவே யோசனையா இருக்கு. ஆனா அடுத்த தடவ இத கவனிங்க. உண்மையான ஆய்வுக்காரங்க வயசு, இனம், மாநிலம், வருமானம் எந்த அளவுல இருக்குன்னு இதெல்லாம் கேப்பாங்க. பேங்க் கணக்கு, பேங்க்லேர்ந்து போனுக்கு வர்ற டேக் (TAC) நம்பர், கார்டு நம்பர் எதுவும் அவங்களுக்கு வேணாம், காசும் கேக்க மாட்டாங்க. எந்த நிறுவனம்னு கேட்டுட்டு வச்சிருங்க, அப்புறம் அந்த நிறுவனத்தோட நம்பர நீங்களே தேடி கூப்பிட்டு விசாரிங்க.

ஆயிரம் பேர் கணக்குக்கு வரேன். நம்ம ஊர்ல நெறைய பேரு பால்மரம் வெட்டுன வீட்டுப் பிள்ளைங்க, அதனால இத சொன்னா உடனே புரிஞ்சிடும். எங்கம்மா விடியக்காலைல போயி மரம் வெட்டி, பால் எடுத்து, வாளியோட நிறுக்குற இடத்துல வந்து நிப்பாங்க, பின்னாடியே நானும் நிப்பேன். தோட்டத்துக் கணக்கரான கிராணி வாளிப் பால் முழுசையும் காய வச்சா பாத்தாரு? நல்லா கலக்கி, கொஞ்சம் எடுத்து, அதுல ரப்பர் எவ்வளவு இருக்குன்னு பாப்பாரு, அந்தக் கொஞ்சத்த வச்சுத்தான் வாளி முழுசுக்கும் கணக்கு, அன்னைக்கு சம்பளமே அதுலதான். கலக்குனதாலதான் அது சரியா வரும். கலக்காம மேலாக்க அள்ளுனா பத்து தடவ அள்ளுனாலும் தப்பாத்தான் வரும்.

1936-ல அமெரிக்காவுல லிட்டரரி டைஜஸ்ட்னு ஒரு பத்திரிகை 1 கோடி பேருக்கு அட்டை அனுப்பி, 20 லட்சத்துக்கு மேல பதில் வாங்கி, அதிபர் தேர்தல்ல லாண்டன்தான் ஜெயிப்பாருன்னு எழுதுச்சு. ஆனா எதிர்த்து நின்ன ரூஸ்வெல்ட் 48 மாநிலத்துல 46-ஐ பிடிச்சாரு. போன், கார் வச்சிருந்தவங்க பட்டியல்லேர்ந்து ஆள் எடுத்தாங்க, அதுலயும் பதில் போட்டவங்க ஒரு பக்கம் சாஞ்சவங்க. அதே தேர்தல்ல ஜார்ஜ் கேலப்னு ஒரு கருத்துக்கணிப்புக்காரர் அதவிட ரொம்பக் கம்மியான ஆளுங்கள கேட்டே சரியா சொன்னாரு. இப்ப நல்லா கலக்கி எடுத்த, அதாவது எல்லாத் தரப்புலேர்ந்தும் குலுக்கல் மாதிரி எடுத்த ஆயிரம் பேர்னா, வர்ற கணக்கு 3 விழுக்காடு அங்க இங்க இருக்கும், அவ்வளவுதான். நாட்டுல 3 கோடி பேர் இருந்தாலும் 30 கோடி பேர் இருந்தாலும் அந்த 3 பெருசா மாறாது.

கேள்வி: இந்த மாதிரி ஆய்வுல தோட்டப்புறத்துத் தமிழங்க கருத்து வருதா? இல்ல சும்மா பேருக்கா?
– தாமானுக்கு மாறிப்போன ஒரு பழைய தோட்டக்காரர்

பதில்: ஐயா, எனக்கும் ரொம்ப நாளா மனச உறுத்துற விஷயம் இது. நம்ம நாட்டுக் குடிமக்கள்ல இந்தியர்கள் 6, 7 விழுக்காடுதான். ஆயிரம் பேர கேட்டா அதுல நம்ம ஆளுங்க சுமார் 65 பேரு. 65 பேர வச்சு ஒரு கணக்கு சொன்னா அது 12 விழுக்காடு வரைக்கும் ஏறி எறங்கும். அதாவது "இந்தியர்கள்ல 70 விழுக்காடு ஆதரவு"ன்னு படிச்சா, உண்மை 58-ஆவும் இருக்கலாம், 82-ஆவும் இருக்கலாம். அந்த 65 பேருலயும் பட்டணத்துல இருக்குறவங்கள கழிச்சிட்டா, லயத்துலயும் தோட்டத்த ஒட்டுன தாமான்லயும் இருக்குறவங்க கைவிரல்ல எண்ணுற அளவுதான் மிஞ்சுவாங்க. இத சரி பண்ண வழி இருக்கு, சின்ன இனத்துலேர்ந்து வேணும்னே கூட ஆள கேட்டு, கடைசில ஒவ்வொரு இனத்துக்கும் நாட்டுல அது இருக்குற அளவுக்கு ஏத்த எடை குடுத்து கணக்க சமன் பண்ணுவாங்க. ஆனா அதுக்கு செலவு ஆகும்.

இணையம் வழியா எடுக்குற ஆய்வுல இது இன்னும் மோசம். சிங்கப்பூர்ல இருக்குற ஐசியாஸ் யூசோஃப் இஷாக் ஆய்வுக்கழகம் 2020-லேர்ந்து தென்கிழக்காசியாவுல பருவநிலை பத்தி இணையத்துல ஆய்வு எடுக்குறாங்க, நல்ல வேலை, அவங்க அறிக்கைய நான் தேடிப் படிக்கிறேன். ஆனா செம்பனைக் குலை வெட்டி லோரில ஏத்திட்டு வீடு திரும்புற மனுசன் உக்காந்து அந்தக் கேள்வி எல்லாத்தையும் நிரப்புவாரா சொல்லுங்க. இப்ப தோட்டத்துல பெரும்பாலும் வேல செய்யுற இந்தோனேசியா, வங்காளதேசத்து ஆளுங்க குடிமக்கள் கணக்குலயே வராததால அவங்கள யாரும் கேக்குறதும் இல்ல. உச்சி வெயில்ல நிக்கிறது அவங்கதான்.

அதனால அந்த மாதிரி போன் வந்து, அது உண்மையான ஆய்வுன்னு தெரிஞ்சா, வைக்காதீங்க. தமிழ்ல பேச ஆள் இருக்கான்னு கேளுங்க, இல்லன்னா அதையும் குறிச்சுக்கச் சொல்லுங்க.

கேள்வி: எங்க அம்மாவுக்கு 68 வயசு. ஒரு காலேஜ் பிள்ள வந்து "பருவநிலை மாற்றம் பத்தி தெரியுமா"ன்னு கேட்டா "தெரியாதும்மா"ன்னு சொல்லிட்டாங்க. அவங்களுக்குத் தெரியாத மழையா?
– மகள், கோலகங்சார்

பதில்: உங்க கேள்விய படிச்சு எங்கம்மா ஞாபகம் வந்துருச்சு. மழ பேஞ்சு மரம் நனஞ்சா வெட்டு இல்ல, வெட்டு இல்லன்னா சம்பளம் இல்ல, அப்படி முப்பது வருஷம் வானத்தப் பாத்து வீட்டுச் செலவுக் கணக்கு போட்டவங்க "தெரியாது"ங்குற கட்டத்துல போயி விழுறாங்க, அந்தக் கணக்க படிக்கிறவங்க தோட்டத்து அம்மாங்களுக்கு விழிப்புணர்வு இல்லன்னு முடிவு கட்டிடுறாங்க. 2007, 2008-ல கேலப் நிறுவனம் 119 நாட்டுல எடுத்த ஆய்வுல உலகத்துல பெரியவங்கள்ல சுமார் 40 விழுக்காடு பேர் பருவநிலை மாற்றம்னு கேள்விப்பட்டதே இல்லன்னு வந்துச்சு, இந்தியா, வங்காளதேசம், எகிப்துல 65 விழுக்காட்டுக்கும் மேல. அந்த சொல்ல கேள்விப்படாதவங்க எல்லாரும் மழ மாறுறத பாக்காதவங்களா? இந்த ரெண்டையும் தனித்தனியாத்தான் கேக்கணும்.

சொல்லு எவ்வளவு வேல செய்யும்னு 2011-ல வந்த ஒரு அமெரிக்க ஆய்வு காட்டுச்சு. ரிபப்ளிக்கன் கட்சிக்காரங்கள்ல பாதி பேர்கிட்ட "புவி வெப்பமடைதல்"னும் மீதி பேர்கிட்ட "பருவநிலை மாற்றம்"னும் சொல்லி இது உண்மையான்னு கேட்டாங்க. முதல் சொல்லுக்கு 44 விழுக்காடு, ரெண்டாவதுக்கு 60 விழுக்காடு ஆமான்னாங்க. டெமாக்ரட் கட்சிக்காரங்ககிட்ட ரெண்டுக்கும் வித்தியாசமே இல்ல, 86, 87-னு நின்னுச்சு. அந்தக் காலேஜ் பிள்ள உங்கம்மாகிட்ட "நீங்க வெட்டுன காலத்துல மழ எப்ப வரும், இப்ப எப்ப வருது"ன்னு கேட்டிருந்தா ஒரு மணி நேரம் எழுதிக்கிட்டே இருந்திருக்கும்.

கேள்வி: ஆய்வுல எல்லாம் பருவநிலை நடவடிக்கைக்கு ஆதரவு ஆதரவுன்னு வருது, ஆனா டீசல் வெல ஏறுனா கத்துறாங்க. மக்கள் பொய் சொல்றாங்களா?
– லோரி ஓட்டுற ஒரு வாசகர்

பதில்: பொய்யின்னு நான் சொல்ல மாட்டேன் தம்பி. வெல சொல்லாம கேட்ட கேள்விக்கு வெல யோசிக்காத பதில்தான் வரும். 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவுல டீசல் 2 வெள்ளி 15 காசுலேர்ந்து 3 வெள்ளி 35 காசுக்குப் போச்சு, அது உங்க வயித்துல அடிச்ச விஷயம், அதுக்கு கத்துறதும் பருவநிலைய பத்தி கவலப்படுறதும் ஒரே மனுசன்கிட்ட இருக்கலாம். "அரசாங்கம் நடவடிக்க எடுக்கணுமா"ன்னு மட்டும் கேட்டுட்டு அந்தக் கணக்க காட்டி டீசல் உதவித்தொகைய நிறுத்தலாம், கார்பன் வரி (புகை வெளியேத்துறதுக்குப் போடுற வரி) போடலாம்னு சொன்னா அத நான் ஏத்துக்க மாட்டேன். யாரு எவ்வளவு கட்டுவாங்க, பணம் எங்க போகும்னு சொல்லித்தான் கேக்கணும்.

அப்படி காசு சொல்லிக் கேட்ட ஒரு ஆய்வு இருக்கு. 125 நாட்டுல ஏறக்குறைய 1 லட்சத்து 30 ஆயிரம் பேர்கிட்ட, மாச வருமானத்துல 1 விழுக்காடு புவி வெப்பமடைதல எதிர்க்கக் குடுப்பீங்களான்னு கேட்டாங்க, முடிவு 2024-ல நேச்சர் கிளைமேட் சேஞ்ச் இதழ்ல வந்துச்சு. நம்ம குறைந்தபட்ச சம்பளம் 1,700 வெள்ளின்னா மாசம் 17 வெள்ளி. 69 விழுக்காடு பேர் குடுப்போம்னாங்க. சரி, உங்க நாட்டுல மத்தவங்க எத்தன பேர் குடுப்பாங்கன்னு கேட்டா, சராசரியா 43 விழுக்காடுதான் சொன்னாங்க. நான் அந்த எடத்துல படிக்கிறத நிறுத்திட்டேன். நான் குடுப்பேன், பக்கத்து வீட்டுக்காரன் குடுக்க மாட்டான்னு ஆளாளுக்கு நினைச்சிக்கிட்டு எல்லாரும் வாய் மூடி இருக்கோம். நம்ம கோயில் கூட்டத்துலயும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துலயும் இதேதான், வெள்ளம், வெயில், கால்வாய் அடைப்புன்னு எல்லாரும் தனியா பொலம்புவாங்க, எழுந்து பேச ஆள் இருக்காது. 2020-ல யூனிசெஃப்பும் ஐநா மேம்பாட்டுத் திட்டமும் சேந்து செஞ்ச மலேசிய இளையோர் ஆய்வுல 92 விழுக்காடு பேர் பருவநிலை மாற்றம் ஒரு நெருக்கடின்னு சொன்னாங்க. உங்க வீட்டுப் பிள்ளையும் அதுல ஒருத்தரா இருக்கலாம், கேட்டுப் பாத்தீங்களா?

கேள்வி: எங்க இளைஞர் மன்றத்துல தாமான் முழுக்க பருவநிலை பத்தி கேக்கலாம்னு இருக்கோம். எப்படி செய்யுறது?
– மன்றச் செயலாளர்

பதில்: செய்ங்க, ரொம்ப சந்தோஷம். வாட்சப் குரூப்புல போட்டு கேக்காதீங்க, அதுல எப்பவும் பதில் போடுறவங்கதான் போடுவாங்க. வரிசையா அஞ்சாவது வீடு, பத்தாவது வீடுன்னு போங்க, கதவு பூட்டியிருந்தா அடுத்த வீட்டுக்குத் தாவாம சாயங்காலம் திரும்பிப் போங்க, ஷிப்ட் வேலைக்காரங்க விட்டுப்போயிடுவாங்க. ஒரே நாள்ல முடிச்சிடவும் வேணாம். இன்னைக்கு வழக்கத்தவிட சூடுன்னு நினைக்கிறவங்க அன்னைக்கு பருவநிலை மாற்றத்த கூடுதலா நம்புறாங்கன்னு 2011-லயே ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்காங்க. வெயில் நாள்ல பாதி வீடு, மழ நாள்ல பாதி வீடுன்னு போயி, எந்த வீட்ட எந்த நாள் கேட்டீங்கன்னு பக்கத்துலயே குறிச்சு வைங்க. கேள்விய எனக்கு முன்னாடியே அனுப்புனா பாத்துத் தரேன்.