வண்டி நன்றாக ஓடும்போதே ஸ்பார்க் பிளக் மாற்ற வேண்டுமா?

கேள்வி: என் சிறிய பெட்ரோல் கார் 42,000 கி.மீ. ஓடியிருக்கிறது. சர்வீஸில் ஸ்பார்க் பிளக் மாற்றச் சொல்கிறார்கள். எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. கழற்றிச் சுத்தம் செய்து போட்டால் போதாதா?

பதில்: முதலில் உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை பிளக் என்று கேளுங்கள். சாதாரண நிக்கல் முனை பிளக் பெரும்பாலும் 30,000 முதல் 40,000 கி.மீ. வரைதான் வரும். அதுவென்றால் தள்ளிப்போடாமல் மாற்றிவிடுங்கள். இரிடியம் முனை என்றால் பல வண்டிகளில் 80,000, ஏன், ஒரு லட்சம் கி.மீ. வரைகூட ஓடும், இப்போது தொட வேண்டாம். உங்கள் மாடலுக்கான கணக்கு வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். நானோ மெக்கானிக்கோ சொல்வதைவிட அதையே நம்புங்கள்.

குறை தெரியவில்லை என்கிறீர்கள். பிளக் தேய்வது அப்படித்தான், சத்தமே இல்லாமல் நடக்கும். எஞ்சின் 3,000 ஆர்.பி.எம்.மில் சுற்றும்போது ஒவ்வொரு பிளக்கும் பெட்ரோலைப் பற்றவைக்க நிமிடத்துக்கு 1,500 முறையாவது பொறி விடுகிறது. ஒவ்வொரு பொறியும் முனையைத் துளித்துளியாக அரிக்கும். புதிதில் பிளக்கின் இரு முனைகளுக்கு நடுவே ஒரு மில்லிமீட்டருக்கு முன்பின்னாக இருந்த இடைவெளி அகலும். அதைத் தாண்டிப் பொறி பறக்க அதிக வோல்டேஜ் வேண்டும். அந்தச் சுமை முழுக்க, பிளக்குக்கு வோல்டேஜ் கொடுக்கும் இக்னிஷன் காயிலின் தலையில்தான் விழும். காயில் முடிந்தவரை சமாளிக்கிறது, அதனால் உங்களுக்குத் தெரிவதில்லை. அது திணறும்போதுதான் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பதும், ஐடிலில், அதாவது நிற்கும்போது எஞ்சின் ஓடுகையில், வண்டி குலுங்குவதும், மேடேறும்போது பெட்ரோல் சரியாகப் பற்றாமல் மிஸ்ஸிங் அடிப்பதும் தொடங்கும். அதற்குப் பிறகும் ஓட்டினால், எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியே போய் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும். பிளக்கின் விலை எங்கே, அதன் விலை எங்கே!

சுத்தம் செய்தால் கரி போகும். தேய்ந்த உலோகம் திரும்பி வருமா? இரிடியம் பிளக்கில் கம்பி பிரஷ்ஷே படக்கூடாது. நடுமுனை பென்சில் ஊசி அளவுதான் இருக்கும், உடைந்துவிடும்.

மாற்றும்போது எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றுங்கள். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூட்டில் கழற்றினால், பிளக் திருகப்படும் அலுமினிய ஹெட்டின் மரை கெட வாய்ப்பு உண்டு. புதிய பிளக்கை முதலில் கையாலேயே திருக வேண்டும். ஸ்பேனர் கடைசியில்தான்.

அப்புறம், பழைய பிளக்குகளைச் சிலிண்டர் வரிசை மாறாமல் வாங்கிப் பாருங்கள். தேய்ந்த பிளக்கின் நடுமுனையில் கூரான விளிம்பு மழுங்கி உருண்டிருக்கும். முனை வெளிர் பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் நிம்மதி. காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, அல்லது எஞ்சின் சூடேறுவதற்குள் நிறுத்திவிடும் குட்டிப் பயணங்கள் அதிகம். வெளுத்துக் கொப்பளித்திருந்தால் அளவுக்கு மீறிச் சூடாகிறது. எண்ணெய் ஈரம் இருந்தால் எந்த இடத்தில் என்று கவனியுங்கள். மேல்பக்கம் மட்டும் இருந்தால் வால்வு கவர் பக்கத்து சீல் கசிகிறது, சின்ன வேலைதான். பொறி வரும் முனையே நனைந்திருந்தால் ஆயில் உள்ளே இறங்குகிறது. அப்போது புது பிளக் மட்டும் போட்டுத் திருப்பி அனுப்ப விடாதீர்கள், அந்தச் சிலிண்டரின் கம்ப்ரஷனை, அதாவது உள்ளே அழுத்தம் சரியாக நிற்கிறதா என்று, பார்க்கச் சொல்லுங்கள்.