முதுகுக்கும் ஸ்கேன் எதற்கு?

கேள்வி: என் பேரனுக்கு ஒன்றரை வயது. காலையில் எழுந்ததும் வாந்தி, தலையும் ஒருபக்கமாகச் சாய்ந்தே இருந்தது. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் சிறுமூளையில் கட்டி என்றார்கள். ரிப்போர்ட்டில் 'ஏ.டி.ஆர்.டி. அல்லது மெடுல்லோபிளாஸ்டோமா' என்று இரண்டு பெயர் இருக்கிறது. இப்போது முதுகுக்கும் ஸ்கேன் கேட்கிறார்கள். மறுபடி மயக்க மருந்தா? ஆபரேஷன் முடிந்து எடுத்தால் ஆகாதா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: முன்னாலேயே எடுத்துவிடுங்கள் அம்மா. ஏ.டி.ஆர்.டி., மெடுல்லோபிளாஸ்டோமா இரண்டுமே குழந்தைகளின் மூளையில் வேகமாக வளரும் புற்றுநோய்க் கட்டிகள். இரண்டுமே மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஓடும் நீர் வழியாகக் கீழே இறங்கக்கூடியவை. ஆபரேஷனுக்குப் பிறகு அந்த நீரில் கலந்த ரத்தம் முதுகில் போய்ப் படியும். ஸ்கேனில் அது நோய் பரவியதைப் போலவே தெரியும். எது ரத்தம், எது கட்டி என்று பிரிக்க முடியாமல் நாங்கள் திண்டாடுவோம். பரவியிருக்கிறதா என்பதை வைத்துத்தான் அடுத்த சிகிச்சையே முடிவாகும். மூளையில் அழுத்தம் ஏறி ஆபரேஷன் அவசரமாகிவிட்டால் வேறு வழியில்லை, முடிந்து இரண்டு வாரமாவது விட்டு எடுக்க வேண்டியிருக்கும். மயக்க மருந்துதான் கவலை என்றால், ஆபரேஷனுக்கு முன் தலையை இன்னொரு முறை ஸ்கேன் செய்யப்போகிறார்களா, அதே மயக்கத்தில் முதுகையும் முடிக்கலாமா என்று கேளுங்கள்.

இரண்டு பெயர் இருப்பதைக் குறையாக நினைக்காதீர்கள். ஸ்கேன் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் ரேடியாலஜிஸ்டாக நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். மெடுல்லோபிளாஸ்டோமா இந்த வயதில் பெரும்பாலும் சிறுமூளையின் நடுவில் வளரும். ஏ.டி.ஆர்.டி. நடுவை விட்டு விலகி, காது நரம்பு புறப்படும் மூலைவரை போவதுண்டு. உள்ளே ரத்தக் கசிவு, ஓரத்தில் நீர்ப்பைகள், ஊசி மருந்து ஏற்றியபின் நடுவே இறந்த பகுதியைச் சுற்றி அலையலையாக ஒரு பட்டை, இதெல்லாம் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையிடம் தெரிந்தால் என் சந்தேகம் முதலில் ஏ.டி.ஆர்.டி. மேல்தான் போகும். ஆனாலும் இரண்டிலுமே செல்கள் நெருக்கியடித்து இருப்பதால் டிஃப்யூஷன் படத்தில் (திசுவுக்குள் நீர் எவ்வளவு அசைகிறது என்று காட்டும் எம்.ஆர்.ஐ. படம்) ஒரே மாதிரி பளிச்சென்று தெரியும். 1996-ல் லூசி ரோர்க்கும் சக மருத்துவர்களும் ஏ.டி.ஆர்.டி.யைத் தனி நோயாக விரிவாக எழுதினார்கள். அதற்கு முன் இப்படிப்பட்ட பல கட்டிகள் மெடுல்லோபிளாஸ்டோமா கணக்கிலேயே சேர்ந்துவிட்டன.

பெயரை உறுதிசெய்வது எடுத்த கட்டியின் பரிசோதனைதான். ஐ.என்.ஐ.1 என்ற புரதம் செல்களில் இல்லாமல் போயிருந்தால் பெரும்பாலும் ஏ.டி.ஆர்.டி. என்று பொருள். அப்படி வந்தால் ரத்தத்தில் அந்தப் புரதத்துக்கான ஜீன் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் கேளுங்கள். சில குழந்தைகளுக்கு அந்த ஜீன் கோளாறு பிறவியிலேயே இருக்கும், சிறுநீரகத்திலும் இதே வகைக் கட்டி வரலாம்.