பையனுக்குக் கவனக் குறைபாடா, பதற்றமா?

ஒன்பதாவது படிக்கும் உங்கள் பையன் புத்தகத்தை விரித்தால் பத்து நிமிடம்கூட நிலைகொள்வதில்லை, இது ஏடிஎச்டி என்கிற கவனக் குறைபாடா, பதற்றமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. என் மகளையும் அக்கா மகனையும் வைத்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

வெளிப்பார்வைக்கு இரண்டு பேரும் ஒன்றுபோலத்தான் இருந்தார்கள். கேள்வி கேட்டால் விழிப்பது, காலை ஆட்டிக்கொண்டே இருப்பது, பாதியில் நிற்கும் ஹோம்வொர்க்.

அக்கா மகன் எட்டாவது வரை தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டவன். பள்ளி மாறிய பிறகுதான் எல்லாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் வயிற்றுவலி வந்துவிடும். ஒரு கணக்கை நாலு தடவை அழித்து எழுதுவான், அதற்குள் பீரியட் முடிந்துவிடும். அவன் மனசு அலையவே இல்லை, 'தப்பாயிட்டா?' என்ற ஒரே இடத்தில் சிக்கிக் கிடந்தது. மே மாத லீவில் தாத்தாவோடு உட்கார்ந்து பேப்பரை ஒரு வரி விடாமல் படித்தான். அவனுக்கு இருந்தது பதற்றம்தான் என்று டாக்டர் சொன்னார்.

என் மகளுக்கும் தேர்வு பயம்தான் என்றார் முதலில் பார்த்த கவுன்சிலர். பயம் இருந்தது உண்மை. சில மாதங்களில் அழுகை நின்றது, தூக்கம் வந்தது. ஆனால் டிபன் பாக்ஸ் மட்டும் வாரத்தில் மூன்று நாள் பள்ளியிலேயே கிடந்தது. அடுத்துப் பார்த்த குழந்தைகள் மனநல மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "எப்போலேர்ந்து?" பழைய ரிப்போர்ட் கார்டுகளை எடுத்துப் போனோம். யூகேஜியிலிருந்து வருஷம் தவறாமல் அதே வரி: அமைதியான பிள்ளை, கவனம் தேவை. ஏடிஎச்டி என்றால் அறிகுறிகள் 12 வயதுக்குள் தலைகாட்டியிருக்க வேண்டும், வீடு, பள்ளி என்று குறைந்தது இரண்டு இடங்களில் தெரிய வேண்டும், 6 மாதமாவது நீடிக்க வேண்டும். துறுதுறுவென்று ஓடாத பிள்ளைக்கும் அது இருக்கலாம், என் மகளுக்கு இருந்ததுபோல. பெண் பிள்ளைகளிடம் கண்ணில் படாமல் போவது அதனால்தான். அவளுடைய பயம் வருஷக்கணக்காக வாங்கிய திட்டில் முளைத்தது. நான் திட்டியதும் அதில் உண்டு. நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

ஆக, 'இதுவா, அதுவா' என்பதற்கு 'இரண்டும்' என்றும் பதில் வரலாம். அமெரிக்காவில் 579 பிள்ளைகளை வைத்து நடத்தி 1999-ல் வெளியிட்ட எம்டிஏ என்ற ஆய்வில், ஏடிஎச்டி உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குப் பதற்ற நோயும் இருந்தது. ஏடிஎச்டி மாத்திரை சிலருக்குப் பதற்றத்தைக் கூட்டவும் செய்யும் என்பதால் டாக்டரிடம் இரண்டையும் சொல்லிவிடுங்கள்.

அதற்கு முன் கண், காது, ரத்தசோகை, தைராய்டு பார்த்துவிடுங்கள். ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குகிறான் என்பதையும்தான். எங்கே, எந்த நேரத்தில் கவனம் போகிறது என்று இரண்டு வாரம் குறித்து வையுங்கள். பக்கத்தில் டாக்டர் இல்லையென்றால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி சேவையின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

டாக்டரிடம் போகும்போது அவனை வெளியே உட்கார வைத்துவிட்டு நீங்களே எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிடாதீர்கள். டிபன் பாக்ஸ் தொலைந்ததை நீங்கள் சொல்லலாம். படிக்கும்போது மனசு எங்கே போகிறது என்பதை அவன்தான் சொல்ல முடியும்.