அப்பாவின் உதட்டுப் புண்

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது, தோட்டத்தில் கவ்வாத்து வேலை, பீடிப் பழக்கம் உண்டு. கீழுதட்டில் பொருக்குத் தட்டிய புண் ஒன்று ஏழு மாதமாக ஆறவில்லை. பேராதனைப் பல் வைத்தியசாலையில் சதை எடுத்துப் பார்த்துவிட்டுப் புற்றுநோய் என்றார்கள். டாக்டர் ‘அஞ்சு வருசம்’ என்று ஏதோ சொன்னது அம்மா காதில் விழுந்ததிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. அப்பாவுக்கு அவ்வளவுதானா?
- வாசகி, ஹட்டன்

பதில்: முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள், அந்த ஐந்து வருடம் கெடு இல்லை. நோயைக் கண்டுபிடித்து 5 வருடம் கழித்து எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பது புற்றுநோய்க்கு உலகம் முழுக்கப் போடுகிற கணக்கு, அதற்கப்புறம் இருபது வருடம் இருந்து பேரன் கல்யாணம் பார்க்கிறவரும் அதே கணக்குக்குள்தான் வருகிறார். அமெரிக்கப் புள்ளிவிவரப்படி உதட்டோடு நிற்கும்போதே பிடித்துவிட்டால் 100க்கு 90 பேருக்கு மேல் அந்த எல்லையைத் தாண்டுகிறார்கள். கழுத்து நெறிக்கட்டுக்குப் பரவியிருந்தால் 60 பேர் அளவுக்கு இறங்கிவிடும். நாக்கில் வருவதோடு பார்த்தால் உதடு எவ்வளவோ பரவாயில்லை, வெளியே தெரிகிற இடம் அல்லவா (தெரிந்தும் ஏழு மாதம் விட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை, சரி, போகட்டும்).

ஆகவே கிளினிக்கில் இதைக் கேளுங்கள்: புண் எத்தனை சென்டிமீட்டர், எவ்வளவு ஆழம், கழுத்தில் கட்டி உண்டா? 2 சென்டிமீட்டருக்குள், அதாவது ஏறக்குறைய கட்டைவிரல் அகலத்துக்குள், ஆழமும் இல்லாமல் இருந்தால் பெரும்பாலும் வெட்டித் தைப்பதோடு முடிந்துவிடும். வாய் கொஞ்சம் சிறுத்துத் தெரியும், கொஞ்ச நாளைக்குத் தேத்தண்ணி ஓரத்தால் வழியும். கழுத்துக்குப் போயிருந்தால் அங்கேயும் வெட்டி, கதிர்வீச்சும் கொடுக்க வேண்டி வரலாம்.

பீடியை இன்றோடு விடச் சொல்லுங்கள், வெட்டிய பிறகும் அது இன்னொரு புற்றுநோயைக் கொண்டுவரலாம். குளிர் ஊர் என்று வெயிலையும் லேசாக எடுக்க வேண்டாம், உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிரும் கூடும், கீழுதட்டில்தான் அது நேராக விழும். அகலத் தொப்பி போடட்டும்.

திரும்ப வந்தால் பெரும்பாலும் முதல் 2 வருடத்துக்குள்தான் வரும். புண் ஆறிவிட்டது, போனால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய கூலி, போய்விடும் என்று கிளினிக்கை நிறுத்திக்கொள்வது அந்த நேரத்தில்தான். வாரத்துக்கு ஒரு தடவை நீங்களே அவருடைய தாடைக்குக் கீழே விரலால் தடவிப் பாருங்கள். கொண்டைக்கடலை மாதிரி கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால், நோகாவிட்டாலும், அடுத்த திகதி வரைக்கும் காத்திருக்காமல் கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு மறுநாளே பஸ் ஏறுங்கள்.