கூட்டுக்கு மேலே ட்ரோன் வேண்டாம்

கேள்வி: எங்கள் ஊர் ஏரிக்கரை அரச மரத்தில் செம்பருந்து கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருக்கிறது. நண்பனிடம் ட்ரோன் இருக்கிறது. கூட்டுக்கு நேர் மேலே நிறுத்தி ஐந்தே நிமிடத்தில் படம் எடுத்துவிடுவோம். அனுப்பினால் வெளியிடுவீர்களா?
– கல்லூரி மாணவர், செங்கல்பட்டு மாவட்டம்

பதில்: வெளியிட மாட்டோம். எடுக்கவும் வேண்டாம், தம்பி.

மார்ச் மாத உச்சி வெயிலில் தாய்ப்பருந்து கூட்டில் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. வெறும் தூவியோடு கிடக்கும் குஞ்சுகளுக்கு இறக்கையை விரித்து நிழல் கொடுத்து நிற்கிறது. தலைக்கு மேல் இரைச்சல் கேட்டால் எழுந்துவிடும். ட்ரோனை எதிரி என்று எண்ணி அடிக்கவும் பாயும்; விசிறியில் இறக்கை சிக்கினால் அந்தக் கூடு அதோடு சரி. பறவை தப்பித்தாலும் குஞ்சுகள் வெயிலில் வாடும். பக்கத்துக் கிளைக் காக்கைகளுக்கு ஐந்து நிமிடம் தாராளம். கொஞ்சம் வளர்ந்த குஞ்சு என்றால் மிரண்டு, பறக்க வருமுன்பே கூட்டை விட்டுக் குதித்துவிடும்.

1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்பதற்குத் தரும் விளக்கத்தில், பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அடங்கும். கையில் இருந்தது கேமராதான் என்ற சமாதானம் அங்கே எடுபடாது.

ஆனால் பாருங்கள், ஆசை தீரப் பாருங்கள். குளிர்காலத்தில் நம் ஏரிகளுக்கு வரும் விராலடிப்பான் என்ற மீன் பிடிக்கும் வேட்டைப் பறவை இருக்கிறதே, அந்த இனம் ஸ்காட்லாந்தில் கூடு கட்டுவதே அற்றுப் போயிருந்தது. 1954இல் லாக் கார்ட்டன் ஏரிக்கரைக்கு ஒரு ஜோடி திரும்பி வந்தது. 1958இல் முட்டை திருடும் ஒருவர் இரவில் மரமேறினார். பிறகு கூட்டில் கிடந்தவை சாயம் பூசிய கோழி முட்டைகள்! மறு வருஷம் பறவைப் பாதுகாப்புச் சங்கத்தின் ஜார்ஜ் வாட்டர்ஸ்டன் துணிந்து ஒரு காரியம் செய்தார். கூட்டை ஊரிடமிருந்து மறைக்காமல், தள்ளி ஒரு மறைவிடம் கட்டித் தொலைநோக்கி வைத்து, எல்லோரையும் வரச் சொன்னார். அந்த ஆண்டு சுமார் 14,000 பேர் வந்து பார்த்தார்கள். மூன்று குஞ்சுகளும் பறந்து போயின. கூட்டத்தால் கேடு வரவில்லை, தூரம் காத்தது.

நீங்களும் எதிர்க்கரை மதகில் போய் உட்காருங்கள். காலை ஏழு மணிக்கு ஒரு பைனாகுலர் போதும். ஒரு பருந்து மீனோடு வந்து இறங்கும். கூட்டில் இருப்பது அதைக் காலால் அமுக்கி, நார் நாராகக் கிழித்து, அலகு நுனியில் எடுத்துக் குஞ்சின் வாயருகே நீட்டும். அவ்வளவு பெரிய கொக்கி அலகு எத்தனை பதமாக வேலை செய்கிறது என்பது ட்ரோன் படத்தில் தெரியவே தெரியாது. அது வந்ததுமே பருந்து ஊட்டுவதை நிறுத்திவிடும்.

குஞ்சுகள் வெளியே வரும்போது பழுப்பாக இருக்கும். கரும்பருந்து என்று ஏமாறாதீர்கள், வாலைப் பாருங்கள். கரும்பருந்துக்கு வால் நுனி பிளந்திருக்கும். செம்பருந்துக்கு வட்டமாக இருக்கும்.

என்றைக்கு என்ன இரை வந்தது, எத்தனை மணிக்கு, எந்தக் குஞ்சு முதலில் இறக்கை அடித்துப் பார்த்தது என்று தினமும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கடைசிக் குஞ்சும் பறந்த பிறகு அனுப்புங்கள். ஊர்ப் பெயரை எடுத்துவிட்டு, முழுப் பக்கம் ஒதுக்கிப் போடுகிறேன்.