ஆளுக்கு ஒரு வரிசை, தொகுதிக்கு ஒரு வரிசை

வணக்கம் ஐயா.

நாங்கள் மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், பெஸ்தாரி ஜெயாவிலிருந்து எழுதுகிறோம். பழைய ஆட்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். தோட்டங்களை விட்டு வெளியேறிய குடும்பங்கள் சேர்ந்து ஒரு நினைவு மலர் போடுகிறோம். அதில் ஈஜோக் தொகுதி சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். "டான்ஸ்ரீ காலிட் இப்ராஹிம், ஈஜோக் சட்டமன்ற உறுப்பினர், மந்திரி பெசார், 2008–2014" என்று எழுதியதும் கூட்டத்தில் வாக்குவாதம் வந்துவிட்டது. அவர் இங்கே தோற்றவர் என்கிறார் ஒரு பெரியவர். தோற்றவர் அடுத்த வருசமே எப்படி மந்திரி பெசார் (மாநில முதல்வர்) ஆவார் என்கிறார்கள் பிள்ளைகள். இன்னொன்று, 2007 இடைத்தேர்தலில் ம.இ.கா.வின் (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) பெரும்பான்மை 2004ஐவிடக் கூடியிருக்கிறது. பத்தே மாதத்தில் எப்படிக் கவிழ்ந்தது? எதை எப்படி எழுதுவது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

— மலர்க் குழுவினர்

*

அன்புள்ள குழுவினருக்கு,

பெரியவர் சொன்னதும் சரி, மந்திரி பெசார் ஆனதும் சரி. ஆனால் நீங்கள் எழுதிய வரி தவறு. இரண்டு வரலாறுகளை ஒரே வரியில் திணித்ததால் வந்த குழப்பம் இது. தொகுதிக்கு ஒரு வரிசை உண்டு, ஆளுக்கு ஒரு வரிசை உண்டு. இரண்டும் சில வருசம் ஒன்றாக ஓடும், பிறகு பிரிந்துவிடும். காலிட் விஷயத்தில் அவை ஒட்டியிருந்தது 2008 முதல் 2013 வரை மட்டுமே.

முதலில் ஈஜோக்கின் வரிசை. 2004ல் ம.இ.கா.வின் கே. சிவலிங்கம் 1,649 வாக்கு வித்தியாசத்தில் வென்றார், மாநில ஆட்சிக்குழுவிலும் இருந்தார். 2007 ஏப்ரலில் அவர் காலமானதால் இடைத்தேர்தல். ஏப்ரல் 19 வேட்புமனு, 28 வாக்களிப்பு. ம.இ.கா.வின் கே. பார்த்திபன் வென்றார். 2008 மார்ச் 8 பொதுத்தேர்தலில் கெஅடிலானின் (மக்கள் நீதிக் கட்சி) காலிட். 2013லும் 2018லும் அதே கட்சியின் இட்ரிஸ் அஹ்மாட். 2023 ஆகஸ்ட் 12ல் தொகுதி பெரிக்காத்தான் நேஷனல் கூட்டணியின் கைக்குப் போனது. உங்கள் பக்கத்துக்கு இந்த வரிசை போதும்.

காலிட்டின் வரிசை வேறு விதமானது. அது ஈஜோக்கில் தோல்வியில் தொடங்குகிறது. 2007ல் பார்த்திபனுக்கு 5,884, காலிட்டுக்கு 4,034, வித்தியாசம் 1,850. 2008ல் அதே ஈஜோக்கையும் பண்டார் துன் ரசாக் நாடாளுமன்றத் தொகுதியையும் ஒரே நாளில் வென்றார். இரண்டு இடத்தில் நின்றதை ஆசை என்று நினைக்க வேண்டாம். எம்.பி. பதவியை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் மந்திரி பெசார் ஆக முடியாது, சட்டமன்றத்தில் இடம் வேண்டும். சிலாங்கூரின் 56 இடங்களில் எதிர்க்கட்சிகள் 36ஐப் பிடித்தன. கெஅடிலான் 15, ஜ.செ.க. (ஜனநாயக செயல் கட்சி) 13, இஸ்லாமியக் கட்சியான பாஸ் 8. மார்ச் 13ல் அவர் பதவியேற்றார். மாநிலத்தையே கைமாற்றிய தேர்தல் அது. ஈஜோக் அதில் ஓர் இடம். பிள்ளைகளுக்கு இதைச் சொன்னாலே அவர்கள் கேள்வி அடங்கிவிடும்.

2013ல் அவர் ஈஜோக்கில் நிற்கவில்லை. போர்ட் கிள்ளான் சட்டமன்றத் தொகுதிக்கு மாறி வென்றார், பண்டார் துன் ரசாக்கையும் தக்கவைத்தார். போர்ட் கிள்ளானில் 2008ல் கெஅடிலான் சின்னத்தில் வென்றவர் பாதியில் கட்சியை விட்டுப் போனவர். அந்த ஓட்டையை அடைக்கக் கட்சிக்கு ஒரு பெரிய பெயர் தேவைப்பட்டது என்பது என் ஊகம். ஆக 2013 மே முதல் அவர் "போர்ட் கிள்ளான் சட்டமன்ற உறுப்பினர், மந்திரி பெசார்". உங்கள் வரியில் உள்ள "2014" மந்திரி பெசார் பதவியின் முடிவு. ஈஜோக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அந்த முடிவைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் மலர்களில் இதைத்தான் அதிகம் பிசகுகிறார்கள். 2014 ஜனவரி 27ல் காஜாங் சட்டமன்ற உறுப்பினர் பதவி விலகினார். கெஅடிலான் தலைவர் அன்வார் இப்ராஹிம் அங்கே நின்று மந்திரி பெசார் ஆவது திட்டம். மார்ச் 7ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. அதனால் மார்ச் 23ல் அவருக்குப் பதில் அவர் மனைவி வான் அஸிஸா நின்று 5,379 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். ஆகஸ்ட் 9ல் கட்சி காலிட்டை நீக்கியது. 30 சட்டமன்ற உறுப்பினர்கள் அடுத்த மந்திரி பெசாராக வான் அஸிஸாவை ஆதரித்தார்கள். கெஅடிலானில் 13, ஜ.செ.க.வில் 15, பாஸில் இருவர். கடைசியில் செப்டம்பர் 23ல் பதவியேற்றது அதே கட்சியின் அஸ்மின் அலி.

கட்சி நீக்கியதால் காலிட்டின் இடம் காலியாகவில்லை. அன்றைக்குச் சிலாங்கூரிலும் கூட்டரசு அளவிலும் கட்சித் தாவல் தடைச் சட்டமே இல்லை. கிளந்தான் கொண்டுவந்ததை 1992ல் உச்சநீதிமன்றம் செல்லாது என்றுவிட்டது. 2022 அக்டோபரில் நடப்புக்கு வந்த கூட்டரசுச் சட்டத்திருத்தம்கூட, தானாக விலகுகிறவரின் இடத்தைப் பறிக்கிறதே தவிர, கட்சி நீக்கியவரின் இடத்தைத் தொடுவதில்லை. ஆகவே 2014 ஆகஸ்டிலிருந்து அவர் பெயருக்கு எதிரே கட்சிக் கட்டத்தில் "சுயேச்சை" என்று எழுதுங்கள். 2018ல் அவர் எங்கும் நிற்கவில்லை. 2022 ஜூலை 31ல் காலமானார்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. 1,649லிருந்து 1,850. கூடியது 201 வாக்கு. இதைப் பார்த்து ஆதரவு வளர்ந்தது என்று எழுதினால் ஏமாந்துபோவீர்கள். பெரும்பான்மையை வெறும் எண்ணாகப் பார்க்கக் கூடாது. 2007ல் செல்லத்தக்க வாக்கு 9,918. அதில் பார்த்திபன் வாங்கியது நூற்றுக்கு 59.3, காலிட் 40.7. பத்துப் பேரில் நாலு பேர் ஏற்கெனவே மறுபக்கம் நின்றார்கள். இருவரின் வித்தியாசம் 1,850 என்றால் அதில் பாதி, 925 பேர், பக்கம் மாறினால் சமம். 926வது ஆளோடு முடிவே மாறிவிடும். பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் வாக்காளர் உள்ள ஊரில் அது இரண்டு மூன்று தோட்டத்துக் கணக்கு.

அதோடு, இடைத்தேர்தல் ஒரு திருவிழா மாதிரி. அமைச்சர்கள், கட்சிப் படைகள், வாகனங்கள், சாலைக்குத் தார் எல்லாம் ஒரே தொகுதியில் வந்து இறங்கும். பொதுத்தேர்தலில் அந்தக் கூட்டம் நாடு முழுக்கச் சிதறிப்போகும். இடைத்தேர்தல் பெரும்பான்மையைப் பொதுத்தேர்தலோடு ஒப்பிடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

நடுவில் வேறு ஒன்றும் நடந்தது. 2007 அக்டோபர் 30ல், தீபாவளிக்குச் சில நாள் முன்னால், ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் கோயில் இடிக்கப்பட்டது. நவம்பர் 25ல் கோலாலம்பூரில் இந்தியர் உரிமைக்காக இண்ட்ராஃப் இயக்கத்தின் பேரணி. அன்றைய ஈஜோக் வாக்காளர்களில் கால்வாசிக்கு மேல் இந்தியர்கள். ஏப்ரலில் தேசிய முன்னணியின் (ம.இ.கா. இருந்த ஆளும் கூட்டணி) தராசுச் சின்னத்துக்காக நின்ற வீடுகள் மார்ச்சில் எங்கே நின்றிருக்கும் என்பதை உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் "இந்தியர்களில் இத்தனை சதவீதம் மாறினார்கள்" என்று எண் போட்டு அச்சடிக்காதீர்கள். வாக்குச்சீட்டில் இனம் இல்லை. அப்படிச் சொல்லப்படும் எண்கள் எல்லாம் வாக்களிப்பு வட்டார முடிவுகளை வைத்துப் போட்ட கணிப்புகள். தோட்டத்து வாக்காளர்கள் கம்பத்துக்காரர்களோடு (மலாய்க் கிராமத்தார்) ஒரே பள்ளிக்கூடத்தில் வாக்களித்தால் அந்தக் கணிப்பும் ஆட்டம் காணும்.

அட்டவணை போடும்போது சில காரியங்களில் கவனம் தேவை. ஒவ்வொரு தேர்தலுக்கும் வாக்களிப்பு நாள், தொகுதி எண், பதிவு பெற்ற வாக்காளர், வென்றவர் வாக்கு, இரண்டாமவர் வாக்கு, செல்லாத வாக்கு எல்லாம் தனித்தனிக் கட்டத்தில் இருக்கட்டும். பெரும்பான்மைக் கட்டத்தை மட்டும் நீங்களே கழித்து நிரப்புங்கள். முதலாமவரிலிருந்து இரண்டாமவரை மட்டும் கழிக்க வேண்டும், மற்றவர்களை அல்ல. பக்கத்து ஊர்க் கணக்கில் சொல்கிறேன்: 2024 மே 11 கோல குபு பாரு இடைத்தேர்தலில் நாலு பேர் நின்றார்கள். 14,000லிருந்து 10,131 போனால் 3,869. மீதி இருவர் வாங்கிய 188, 152 இந்தக் கணக்கில் வராது. கழித்து வந்த எண் பத்திரிகையில் வந்ததோடு ஒட்டவில்லை என்றால், அநேகமாக முதல் ராத்திரி வந்த அதிகாரப்பூர்வமற்ற எண்ணைப் பிடித்திருப்பீர்கள். மறுநாள் பேப்பரை விட்டு அதற்கடுத்த நாள் பேப்பரைப் பாருங்கள், கடைசியில் தேர்தல் ஆணையத்தின் அறிக்கையோடு சரிபாருங்கள்.

தொகுதி எண்ணை ஏன் கேட்கிறேன் என்றால், பெயர் அப்படியே இருக்கும், எல்லை நகர்ந்திருக்கும். சிலாங்கூருக்கு 48 இடம் இருந்தது, 2003 மறுசீரமைப்பில் 56 ஆனது. 2018 மார்ச்சில் இன்னொரு முறை கோடு மாற்றினார்கள். இன்றைக்கு ஈஜோக் என்.11, கோல சிலாங்கூர் நாடாளுமன்றத் தொகுதிக்குள். 1999 வரையிலான வாக்கு எண்ணையும் 2004ஐயும் ஒரே கோட்டில் இழுத்துச் சதவீதம் போடாதீர்கள். 2018க்கும் 2023க்கும் நடுவிலும் ஒரு பள்ளம் உண்டு. 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதானவர்கள் தானாகவே பட்டியலில் சேர்கிறார்கள். 2023ல் வாக்காளர் எண்ணிக்கை குதித்திருப்பதைப் பார்த்து ஊரில் ஆள் கூடிவிட்டது என்று எழுதிவிடக் கூடாது. தோட்டத்தில் ஆள் குறைந்த கதை உங்களுக்கே தெரியும்.

பார்த்திபனின் பெயரை விட்டுவிடாதீர்கள். சட்டமன்றம் 2008 பிப்ரவரி 13ல் கலைந்தது, பத்து மாதம்கூட நிறையவில்லை. அதனால் பல மலர்களில் சிவலிங்கத்திலிருந்து நேராகக் காலிட்டுக்குத் தாவிவிடுகிறார்கள்.

உங்கள் ஊர் ஆட்களுக்கு இன்னொரு தகவலும் பிடிக்கும். அரசியலுக்கு வருமுன் காலிட் இருந்தது தோட்டத்துப் பெரிய முதலாளி பக்கம். 1981 செப்டம்பர் 7ல் லண்டன் பங்குச் சந்தையில் ஒரே காலையில் கத்ரி (Guthrie) தோட்டக் கம்பெனியை வாங்கிய, பெர்மோடாலான் நேஷனல் என்ற அரசு முதலீட்டு நிறுவனத்தின் தலைமை நிர்வாகி அவர். பிறகு கத்ரிக்கே தலைமை நிர்வாகியானார். கத்ரி தோட்டங்களில் பால் வெட்டியவர்கள் உங்கள் குழுவில் இருந்தால் இதை ஒரு வரி சேர்க்கலாம்.

படத்துக்குக் கீழே இப்படிப் போடுங்கள்: "டான்ஸ்ரீ அப்துல் காலிட் இப்ராஹிம் (1946–2022). ஈஜோக் இடைத்தேர்தலில் தோல்வி, 2007. ஈஜோக் சட்டமன்ற உறுப்பினர், 2008–2013. போர்ட் கிள்ளான் சட்டமன்ற உறுப்பினர், 2013–2018. 2014 ஆகஸ்ட் முதல் சுயேச்சை. சிலாங்கூர் மந்திரி பெசார், 2008–2014." அச்சகத்தில் இடம் போதவில்லை என்றால் எழுத்தைச் சிறிதாக்கச் சொல்லுங்கள், 2007 தோல்வியைச் சொல்லும் வரியை வெட்ட விடாதீர்கள்.